எல்லா வயலிலும் நம்பலாமா? குளோவர் தீவன ரகங்களும் நிலையான மகசூலும்: கேள்வி–பதில்

குளோவர் என்பது கால்நடைத் தீவனத்துக்காக வளர்க்கும் ஒரு பயறுவகைச் செடி. அதன் ஒரு ரகம் ஆய்வுப் பண்ணையில் முதலிடம் பிடிக்கிறது. அதே விதையை வேறோர் இடத்தில் போட்டால் நடுவில் நிற்கிறது, இன்னோர் ஊரில் கடைசிக்குப் போய்விடுகிறது. இதில் எந்த முடிவை நம்புவது, இடம் மாறினாலும் கைவிடாத ரகத்தை எப்படி உருவாக்குவது என்று அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

குளோவர் என்பது ஒரே பயிரா?

இல்லை. டிரைஃபோலியம் என்ற பேரினத்தில் ஏறத்தாழ 240 இனங்கள் இருக்கின்றன. தீவனத்துக்குப் பெரிய அளவில் பயிராவது அவற்றில் சிலதான். சிவப்பு குளோவர் இரண்டு மூன்று ஆண்டுகள் நிற்கும், அறுத்துப் போடலாம். வெள்ளை குளோவர் ஓடுதண்டு விட்டுத் தரையோடு படரும், மேய்ச்சலுக்கு ஏற்றது. பெர்சீம் ஒரு பருவப் பயிர், ஒரே பருவத்தில் பல முறை அறுக்கலாம். சப் குளோவரும் ஒரு பருவப் பயிர்தான். ஆனால் அது தன் காயைத் தானே மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு அடுத்த பருவம் தானாக முளைக்கும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. 'நிலையான மகசூல்' என்ற சொல்லுக்கு இந்த நான்கு பயிர்களிலும் நான்கு விதமான பொருள் வரும்.

நிலையான மகசூல் என்றால் எல்லா இடத்திலும் ஒரே அளவு விளைவதா?

அப்படி நினைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எங்கே போட்டாலும் எக்டருக்கு 6 டன் உலர் தீவனம் தரும் ரகம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட வயலில் 6 டன் என்றால் கொண்டாடலாம். நல்ல மண்ணும் தண்ணீரும் உள்ள வயலிலும் அதே 6 டன்தான் என்றால் அது அந்த வயலை வீணடிக்கிறது என்று பொருள்.

அதனால் நிலைத்தன்மையை இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். சூழல் எதுவானாலும் மகசூல் அசையாமல் நிற்பது ஒரு வகை. இதை 'அசையா நிலைத்தன்மை' என்போம். சூழல் நன்றாக இருந்தால் கூடி, மோசமானால் குறைந்து, ஆனால் அந்த ஏற்ற இறக்கம் மற்ற ரகங்களின் சராசரியோடு ஒத்துப்போவது இன்னொரு வகை. அதை 'எதிர்பார்க்கக்கூடிய நிலைத்தன்மை' எனலாம். விளைச்சலில் விவசாயி கேட்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். நோய் எதிர்ப்பு, குளிர் தாங்கும் திறன் போன்ற குணங்களில் முதல் வகையைக் கேட்கலாம். நோய் வந்த வயலிலும் வராத வயலிலும் செடி ஒரே மாதிரி நிற்பதில் யாருக்கும் நஷ்டமில்லையே.

விதை ஒன்று, உரம் ஒன்று. ரகங்களின் வரிசை மட்டும் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

இதைத்தான் மரபு–சூழல் ஊடாட்டம் என்கிறோம். ஒரு ரகம் எல்லா இடத்திலும் மற்றதைவிடக் கொஞ்சம் மேலே நின்றால் பிரச்சினை இல்லை. ஒரு வயலில் 'அ' முந்துகிறது, அடுத்த வயலில் 'ஆ' முந்துகிறது என்று குறுக்கே வெட்டும்போதுதான் தலைவலி.

காரணங்கள் பல. சிவப்பு குளோவரில் சீக்கிரம் பூத்து இரண்டு மூன்று அறுப்பு தரும் வகை உண்டு, தாமதமாகப் பூத்து ஒரே பெரிய அறுப்பு தரும் வகையும் உண்டு. வளரும் பருவம் நீண்ட இடத்தில் முன்னது வெல்லும். கோடை குறுகி, குளிர் கடுமையாக இருக்கும் இடத்தில் பின்னது. ஸ்கிளிரோடினியா பூஞ்சையால் வரும் அழுகல் நோய் இருக்கும் வயலில் எதிர்ப்புள்ள ரகம் மேலே வரும், நோய் இல்லாத வயலில் அந்த எதிர்ப்பால் எந்த லாபமும் தெரியாது.

அடுத்தது பலரும் மறந்துவிடும் ஒன்று: வேர் முடிச்சு. குளோவருக்குத் தழைச்சத்து பிடித்துக் கொடுப்பது ரைசோபியம் பாக்டீரியா. அதிலும் குளோவருக்கென்று தனி வகை வேண்டும். முன்பு குளோவரே விளையாத மண்ணில், புளிப்பு மிகுந்த மண்ணில் அது இருக்காது, இருந்தாலும் வேலை செய்யாது. விதையில் அந்தப் பாக்டீரியாவைப் பூசாமல் அங்கே சோதனை போட்டால் நீங்கள் அளப்பது ரகத்தை அல்ல, பாக்டீரியாவை. செடியைப் பிடுங்கி ஒரு முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அந்த வயலின் எண்களைச் சராசரியில் சேர்ப்பதற்கு முன் ஒரு முறை யோசிக்கவும்.

நிலைத்தன்மையை எண்ணில் எப்படி அளக்கிறார்கள்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எழுதியவை. நான்கு வயல்கள், மூன்று ரகங்கள், மகசூல் எக்டருக்கு டன் உலர் எடையில்:

அ ரகம்: 4, 7, 11, 14
ஆ ரகம்: 8, 9, 9, 10
இ ரகம்: 6, 8, 10, 12

மூன்றின் சராசரியும் 9 டன்தான். சராசரியை மட்டும் அச்சிட்டால் மூன்றும் ஒன்று. இப்போது ஒவ்வொரு வயலின் சராசரியை எடுங்கள்: 6, 8, 10, 12. முதல் வயல் ஏழை, கடைசி வயல் செழிப்பு. வயல் சராசரி ஒரு டன் கூடினால் ஒவ்வொரு ரகமும் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால் அ ரகத்துக்கு 1.7, ஆ ரகத்துக்கு 0.3, இ ரகத்துக்கு 1.0 வருகிறது. இதுதான் சாய்வு எண்: வயல் சராசரிக்கு எதிரே ரகத்தின் மகசூலைக் குறித்து வரையும் நேர்கோட்டின் சாய்வு.

அ ரகம் செழித்த வயலுக்குப் பிறந்தது, ஏழை வயலில் படுத்துவிடும். ஆ ரகம் ஏழை வயலில் காப்பாற்றும், நல்ல வயலில் சோம்பல். இ ரகம் ஊரோடு ஒத்து வாழும். ஃபின்லேயும் வில்கின்சனும் 1963-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் 277 பார்லி ரகங்களை வைத்து இந்த முறையைப் பிரபலமாக்கினார்கள். பார்லிக்கு வந்தது பிறகு எல்லாப் பயிருக்கும் பரவியது.

சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. அதே வயல்களில் ஈ ரகம் 7, 6, 12, 11 என்று விளைகிறது என்று வையுங்கள். அதே வயல் சராசரிகளோடு ஒப்பிட்டால் சாய்வு 0.9, சராசரி 9. காகிதத்தில் தங்கம். ஆனால் இரண்டாவது வயலில் 8 வர வேண்டிய இடத்தில் 6, மூன்றாவதில் 10 வர வேண்டிய இடத்தில் 12. எப்போது கவிழும் என்று சொல்ல முடியாத ரகம் இது. எபர்ஹார்ட்டும் ரஸ்ஸலும் 1966-ல் சேர்த்தது இந்த மூன்றாவது சோதனையைத்தான்: சராசரி உயர்வாக, சாய்வு 1-க்கு அருகில், கோட்டிலிருந்து விலகல் பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வயலின் தரத்தை அளக்கும் அந்தச் சராசரியே சோதனையில் உள்ள ரகங்களிலிருந்துதான் வருகிறது. கூட இருக்கும் ரகங்களை மாற்றினால் உங்கள் ரகத்தின் சாய்வும் மாறும். ஐந்தாறு ரகங்களை மட்டும் வைத்துச் சாய்வு எண் போட்டிருந்தால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அம்மி, பைபிளாட் என்றெல்லாம் சொல்கிறார்களே?

அரைக்கிற அம்மி இல்லை, AMMI என்ற ஆங்கில எழுத்துச் சுருக்கம் தமிழில் அப்படி விழுந்துவிட்டது. ஒரே நேர்கோட்டில் எல்லாவற்றையும் அடக்க முடியாதபோது, ஊடாட்டத்தை இரண்டு மூன்று அச்சுகளாகப் பிரித்துப் படமாகக் காட்டும் முறைகள் இவை. அம்மி முறை 1988 வாக்கில் பயிர்ச் சோதனைகளில் பரவியது, ஜிஜிஈ பைபிளாட் 2000-ல் வந்தது. எந்த ரகம் எந்த வயல் கூட்டத்தில் வெல்கிறது என்று ஒரே படத்தில் தெரியும். படம் அழகாக இருக்கிறது என்பதற்காக நம்ப வேண்டாம். இரண்டு அச்சுகளும் சேர்ந்து ஊடாட்டத்தில் எத்தனை விழுக்காட்டை விளக்குகின்றன என்று ஓரத்தில் எழுதியிருப்பார்கள். அது பாதிகூட இல்லையென்றால் படத்தைப் பாராட்டிவிட்டு அட்டவணைக்குத் திரும்பலாம்.

எத்தனை இடத்தில், எத்தனை வருடம் சோதிக்க வேண்டும்?

கையில் 40 பாத்திகளுக்குத்தான் வசதி என்றால், ஒரே இடத்தில் ஒரு ரகத்தைப் பத்து முறை திரும்பப் போடுவதைவிட, ஐந்து இடங்களில் இரண்டு இரண்டாகப் போடுவது மேல். ஒரே வயலில் திரும்பத் திரும்பப் போட்டால் அந்த வயலைப் பற்றித்தான் துல்லியமாகத் தெரியும்.

ஆனால் இடங்கள் ஒன்றுக்கொன்று உண்மையிலேயே வேறுபட வேண்டும். ஒரே வகை மண், ஒரே பாசனம், ஒரே மழை உள்ள ஐந்து பண்ணைகள் கணக்குக்கு ஐந்து, காரியத்துக்கு ஒன்று. சிவப்பு குளோவர் என்றால் விதைத்த ஆண்டு போக குறைந்தது இரண்டு அறுவடை ஆண்டுகள் பார்க்க வேண்டும். முதல் ஆண்டில் துள்ளி விளைந்து, இரண்டாம் குளிர்காலத்தில் பாதிச் செடி செத்துப்போகும் ரகங்கள் உண்டு.

தானியத்துக்கு ஒரே அறுவடை. தீவனத்துக்குப் பல அறுப்பு. அதையெல்லாம் எப்படிச் சேர்ப்பது?

மொத்தத்தை மட்டும் கூட்டி விட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் அறுப்பும் ஒரு தனிச் சூழல்தான். முதல் அறுப்பு குளிரில், கடைசி அறுப்பு வெயிலில் வரும். மாடு தினமும் தின்கிறது, அதனால் மூன்று அறுப்பில் குவிந்து நான்காவதில் காய்ந்துபோகும் ரகத்தைவிட, கொஞ்சம் குறைந்தாலும் ஐந்து அறுப்பிலும் கொடுப்பது வீட்டுக்கு உதவும்.

எகிப்தின் பெர்சீம் வகைகள் இதற்கு நல்ல உதாரணம். ஃபஹல் என்ற வகை தண்டின் மேல்பகுதியில் கிளைக்கும். அறுத்தால் கிளைக்கும் மொட்டுகள் அறுத்த கட்டோடு போய்விடும், அடிக்கட்டை மறுபடி துளிர்க்காது, ஒரே அறுப்புதான். மிஸ்காவி வகை அடியிலிருந்தே கிளைக்கும். அறுத்த பின் தூரில் மொட்டுகள் மிஞ்சும், அதனால் பல அறுப்பு. தரையிலிருந்து எத்தனை விரல் உயரத்தில் அரிவாள் போகிறது என்பதும் இங்கே முக்கியம். ஒரு சோதனை வயலில் கூலியாட்கள் மாறி, ஓரப் பாத்திகளை ஒட்ட அறுத்துவிட்டார்கள். அடுத்த அறுப்பில் அந்தப் பாத்திகளின் ரகங்கள் 'நிலையற்றவை' ஆகிவிட்டன. அந்த அறுப்பின் கணக்கையே விட்டுவிட்டோம்.

பச்சை எடை போதாதா? உலர் எடை எதற்கு?

போதாது. இரண்டு பாத்தியிலும் 40 கிலோ பச்சைத் தீவனம் வந்தது என்று வையுங்கள். இரண்டிலும் அரைக் கிலோ மாதிரி எடுத்து, காகிதப் பையில் போட்டு, எடை குறைவது நிற்கும் வரை அடுப்பில் 60–70 டிகிரியில் உலர்த்துகிறீர்கள். ஒரு பையில் 60 கிராம் மிஞ்சுகிறது, இன்னொன்றில் 85 கிராம். முதல் பாத்தியின் உண்மையான மகசூல் 4.8 கிலோ, இரண்டாவதன் மகசூல் 6.8 கிலோ. பச்சையில் சமம் என்று நினைத்தோமே, அது தண்ணீர்.

பனி காயாத காலையில் எடை போட்டாலும் இதே கோளாறு. அதிகாலையில் தொடங்கி நண்பகலில் முடித்தால் முதல் பாத்திக்கும் கடைசிப் பாத்திக்கும் வித்தியாசம் வரத்தான் செய்யும்.

குளோவரில் ரகம் உருவாக்குவது நெல், கோதுமை போல இருக்குமா?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. சிவப்பு, வெள்ளை குளோவர்களில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் பெரும்பாலும் ஒட்டாது, இன்னொரு செடியிலிருந்து வர வேண்டும், அதைப் பூச்சி கொண்டுவர வேண்டும். டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் பிந்தைய பதிப்புகளில் இதை எழுதியிருக்கிறார்: சிவப்பு குளோவரின் 100 பூங்கொத்துகள் 2,700 விதை தந்தன, பூச்சி வராமல் மூடிய 100 கொத்துகளில் ஒரு விதைகூட இல்லை. நியூசிலாந்தில் சிவப்பு குளோவர் விதை பிடிக்கவில்லை என்றுதான் 1885-ல் இங்கிலாந்திலிருந்து பம்பிள் வண்டுத்தேனீக்களைக் கொண்டுபோய் விட்டார்கள்.

இதன் விளைவு என்ன? ஒரு சிவப்பு குளோவர் ரகம் என்பது ஒரே மாதிரியான செடிகளின் படை அல்ல, ஒரு மக்கள் கூட்டம். நல்ல தாய்ச் செடிகளைத் தேர்ந்து, எல்லாம் எல்லாவற்றோடும் சேரும்படி தனியிடத்தில் நட்டு, கலந்து வந்த விதையைப் பெருக்கினால் அதுதான் கூட்டு ரகம். தாய்ச் செடி குறைவாக இருந்தால் தேர்வு கூர்மையாகும், ஆனால் நெருங்கிய உறவில் சேர்ந்து வீரியம் குறையும். அதிகமாக வைத்தால் வேறுபாடு நிறைய இருக்கும், முன்னேற்றம் மெதுவாகும்.

செடிக்குச் செடி வேறுபடுவது குறைதானே?

நிலைத்தன்மையைப் பொறுத்தவரை அது சொத்து. ஆலார்டும் பிராட்ஷாவும் 1964-ல் இதைத் தெளிவாகப் பிரித்தார்கள். ஒரு செடி தானே வளைந்து கொடுத்துச் சமாளிப்பது ஒன்று. கூட்டத்தில் சில செடிகள் வறட்சியில் தாங்க, வேறு சில ஈரத்தில் தாங்க, மொத்தத்தில் வயல் தப்பிப்பது இன்னொன்று. குளோவர் இரண்டாவதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆனால் கூட்டம் என்றால் மாறவும் செய்யும். கடுங்குளிர் தாங்கும் ரகத்தின் விதையை மிதமான இடத்தில் சில தலைமுறை பெருக்கினால், அங்கே சீக்கிரம் பூத்து நிறைய விதை தரும் செடிகள் பெருகிவிடும். பை மேலே அதே பெயர், உள்ளே வேறு கூட்டம். அதனால்தான் விதைப் பெருக்கத்தை எங்கே, எத்தனை தலைமுறை செய்யலாம் என்று கட்டுப்பாடு வைக்கிறார்கள். இதே மாற்றம் நல்லதாகவும் முடியும். சுவிட்சர்லாந்தில் விவசாயிகள் பழைய வயலில் தப்பி நின்ற செடிகளிலிருந்தே தலைமுறை தலைமுறையாக விதை எடுத்ததில் மாட்டென்கிளே என்ற நீண்ட நாள் நிற்கும் சிவப்பு குளோவர் வகை உருவானது.

குரோமோசோமை இரட்டிப்பாக்கிய ரகங்கள் நிலையானவையா?

சிவப்பு குளோவரில் இயல்பாக 14 குரோமோசோம், கோல்ச்சிசின் போன்ற வேதிப்பொருள்களால் 28 ஆக்கலாம். இலை பெரிது, பெரும்பாலும் மகசூல் அதிகம், கூடுதலாகச் சில நாள் நிற்கும். தீவன வயலில் நல்ல பெயர்தான். விதை வயலில் சிக்கல்: பூக்குழல் நீளமாவதால் தேனீயின் நாக்கு தேனுக்கு எட்டுவது கடினம், விதை பிடிப்பும் குறைவு. விதை கிடைக்காத ரகம் எத்தனை நிலையாக இருந்து என்ன பயன்? செடியில் தண்ணீர் கூடுதல் என்பதால் பச்சை எடையில் இவை தகுதிக்கு மேல் மின்னும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லா இடத்துக்கும் ஒரே ரகம்தான் இலக்காக இருக்க வேண்டுமா?

எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வெள்ளை குளோவரில் பெரிய இலை வகை அறுப்பில் நிறையக் கொடுக்கும். ஆடு ஒட்ட மேயும் நிலத்தில் சிறிய இலை வகைதான் பிழைக்கும். இரண்டையும் ஒரே செடியில் கேட்பது பேராசை. சில வெள்ளை குளோவர் செடிகள் கடிபட்டால் சயனைடு விடும், சில விடாது. விடும் செடிகளின் பங்கு குளிர்ந்த பகுதிகளுக்கும் உயரமான மலைகளுக்கும் போகப் போகக் குறைவதை 1950-களிலேயே டாடே காட்டினார். இயற்கையே இடத்துக்கு ஒரு வகை என்றுதான் வைத்திருக்கிறது.

சப் குளோவரில் ஆஸ்திரேலியர்கள் இந்த வழியில்தான் போனார்கள். தண்ணீர் தேங்கும் மண்ணுக்கு யானினிகம் துணையினம், வெடிப்பு விடும் காரமண்ணுக்கு பிராக்கிகாலிசினம், புளிப்பு மண்ணுக்கு சப்டெரேனியம் என்று பிரித்துக்கொண்டார்கள். சூழலை நான்கைந்து கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் நிலையான ரகம் தேடுவதுதான் செலவுக்கு ஏற்ற வழி.

சப் குளோவரில் இன்னொரு கூறு கடின விதை. பருவம் தவறி ஒரு மழை பெய்து, எல்லா விதையும் முளைத்து, பின் வறண்டால் வயலே காலி. ஒரு பங்கு விதை தோல் கெட்டியாக முளைக்காமல் மண்ணில் காத்திருந்தால் அடுத்த மழைக்கு ஆள் இருக்கும். இங்கே நிலைத்தன்மை என்பது செடியில் இல்லை, விதைத்தோலில் இருக்கிறது.

மகசூல் நிலையாக இருந்தால் போதுமா?

1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் சப் குளோவர் செழிப்பாக மேய்ந்த செம்மறி ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. அந்த ரகங்களில் இருந்த ஃபார்மோனோனெடின் என்ற பொருள் ஆட்டின் உடலில் பெண் ஹார்மோன் போல வேலை செய்தது. ட்வால்கனப், யார்லூப், டினினப் ஆகிய ரகங்களில் அது அதிகம். பிறகு வந்த ரகங்களை வெளியிடுவதற்கு முன் அந்தப் பொருளின் அளவையும் சோதித்துத்தான் விட்டார்கள்.

புல்லோடு கலந்து விதைத்தால் ரகத்தின் நிலைத்தன்மை மாறுமா?

மாறும், சில நேரம் வரிசையே தலைகீழாகும். தனியே போட்டபோது முதலில் வந்த குளோவர், ரைபுல் என்ற தீவனப் புல்லின் நிழலில் அமுங்கிப்போகலாம். விவசாயி கலந்துதான் போடப் போகிறார் என்றால் தேர்வையும் கலப்பிலேயே செய்ய வேண்டும். மற்றபடி கலப்பே நிலைத்தன்மைக்கு நல்ல கருவி. பெரும்பாலும் ஐரோப்பாவில், மொத்தம் 31 இடங்களில் நடந்த சோதனையில், இரண்டு புல்லும் இரண்டு பயறுவகையும் சேர்ந்த கலவை, தனித்தனிப் பயிர்களின் சராசரியைவிடப் பெரும்பாலும் எல்லா இடத்திலும் மேலே நின்றது.

மரபணுத் தேர்வு வந்துவிட்டதே, வயல் சோதனை இனி வேண்டாமா?

வேண்டும். மரபணுக் குறிகளை வைத்துச் செடியின் திறனை முன்கூட்டிக் கணிக்கலாம், ஆண்டுகள் மிச்சமாகும். ஆனால் அந்தக் கணிப்பு எந்த வயல்களின் தரவில் பழகியதோ அந்த வயல்களுக்குத்தான் பேசும்.

விதை வாங்கும் முன் ரக அட்டவணையில் என்ன பார்ப்பது?

முதலில் சராசரியை விட்டுவிட்டு, மிக மோசமான இடத்தின் வரியைப் பாருங்கள். அங்கே ஒப்பீட்டு ரகத்தைவிடக் கீழே போயிருக்கிறதா? அப்புறம் உங்கள் வயலுக்கு மண்ணிலும் மழையிலும் நெருக்கமான இடம் எது என்று தேடி, அங்கே எத்தனை ஆண்டுகள் சோதித்தார்கள் என்று பாருங்கள். உலர் எடையா, பச்சை எடையா என்பது தலைப்பிலேயே இருக்க வேண்டும். அறுப்பு வாரியான எண்கள் இருந்தால் கடைசி இரண்டு அறுப்பைப் படியுங்கள், விற்பவர் பொதுவாக முதல் அறுப்பைத்தான் காட்டுவார். ஒப்பீட்டு ரகம் எது என்பதையும் கேளுங்கள். அது யாரும் விதைக்காத பழைய ரகமாக இருந்தால், அதைவிட 20 விழுக்காடு கூடுதல் என்பதற்கு அதிக அர்த்தமில்லை.